பாலத்துக்குக் கீழே

ஹௌரா பாலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மேலே நின்று தெரிந்துகொண்டது. ரயிலை விட்டு இறங்கி, கூலிகளின் தலைச்சுமைகளுக்கு நடுவே நெருக்கியடித்து நடந்து, பாதி தூரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றை எட்டிப் பார்த்து, 'இவ்வளவு பெரிய பாலத்தில் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு கிடையாது, எல்லாம் தறையாணி' என்று கூட வருகிறவரிடம் சொல்லிவிட்டு நகர்வது ஒரு சடங்காகிவிட்டது. தகவல் உண்மைதான். சினிமாவும் இந்தச் சடங்கைத்தான் செய்தது. 1958-ல் சக்தி சாமந்தா பாலத்தின் பெயரையே தன் ஹிந்திப் படத்துக்கு வைத்தார். பிறகு, கதை கல்கத்தாவுக்கு வந்துவிட்டது என்று சொல்ல இந்த இரும்பு உருவத்தை இரண்டு விநாடி காட்டினால் போதும் என்றாகிவிட்டது. ஒரு நகரத்துக்குப் பதிலாக நிற்கத் தொடங்கும் படிமம் அந்த நகரத்தை மறைக்கவும் தொடங்கிவிடுகிறது. கவிதை எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சரித்திரத்திலும் இப்படித்தான் நடக்கிறது என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

பாலத்துக்குக் கீழே ஒரு ரயில் போகிறது. வங்காளிகள் அதைச் சக்ர ரேல் என்கிறார்கள். நகரத்தைச் சுற்றி வளையமாக ஓடும் பாசஞ்சர் வண்டி. 1984-ல் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் பாதாள ரயிலும் கல்கத்தாவில் ஓட ஆரம்பித்ததால், இந்தக் கரையோர வண்டிக்குப் பேச்சில் இடம் கிடைக்கவில்லை. வண்டிதான் புதிது, வழி பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் துறைமுகக் கமிஷனர்கள் ஹூக்ளியின் கிழக்குக் கரையோடு போட்ட சரக்குப் பாதை அது. கிடங்குகளுக்கும் கப்பல் துறைகளுக்கும் நடுவே சணலும் தேயிலையும் போன வழி. சரக்கு வற்றிய பிறகு மனிதர்களை ஏற்றினார்கள். துர்கா பூஜை முடிந்து பிரதிமைகளை ஆற்றில் விடும் நாட்களில் கரையோரப் பகுதியில் இந்த வண்டி ஓடுவதில்லை. படித்துறைக்குப் போகிற கூட்டம் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தெய்வத்துக்கு ஒதுங்கி வழிவிடும் ரயில் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

பாக்பஜாரில் ஏறித் தெற்கே போனேன். வலது பக்கம் ஆறு, இடது பக்கம் கிடங்குச் சுவர்கள். சுவரில் ஆலங்கன்றுகள். தண்டவாளத்துக்குக் கையெட்டும் தூரத்தில் துணி உலர்கிறது, அடுப்பு எரிகிறது, ஒருவன் முகத்தில் சோப்பு நுரையோடு சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறான். வண்டி அவனுக்கு ஒரு செய்தியே இல்லை. அஹிரிடோலா தாண்டியதும் நிம்தலா சுடுகாடு. ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் அது.

ரவீந்திரநாத் தாகூரை எரித்தது இங்கேதான். 1941 ஆகஸ்ட் 7. வங்காளிகள் அதைச் சிராவணம் இருபத்திரண்டு என்று சொல்வார்கள். அவர்களுடைய சிராவணம் ஏறத்தாழ நம்முடைய ஆடி. சத்யஜித் ராய் 1961-ல் எடுத்த விவரணப்படம் அந்த ஊர்வலத்தில்தான் தொடங்குகிறது. தெருவே தலைகளாக நகரும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்கமுடியாது. படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று நிம்தலாவிலிருந்து ஆற்றின் போக்கில் தெற்கே பார்த்திருந்தால், இரண்டு கரைகளிலிருந்தும் நீட்டிய இரண்டு இரும்புக் கைகள் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நின்றிருக்கும். நடுவில் 564 அடி வெற்றிடம். அந்தக் கோடையில்தான் கைகளை நீட்டி முடித்திருந்தார்கள். இடைவெளியை இணைத்தது டிசம்பரில். பாலம் முடிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1965 ஜூனில், அதற்கு ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள். தன் பெயர் தாங்கிய பாலத்தில் அவர் ஒரு அடிகூட வைத்ததில்லை. சாந்திநிகேதனுக்கு ரயிலேற அவர் கடந்ததெல்லாம் பழைய மிதவைப் பாலம்.

அந்த மிதவைப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1874-ல் பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற எஞ்சினியர் அமைத்தது. 1,528 அடி நீளம். பாகங்களை இங்கிலாந்தில் செய்து கப்பலில் கொண்டுவந்து இங்கே கோர்த்தார்கள். திறப்பதற்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச் மாதப் புயலில் எஜீரியா என்ற கப்பல் கட்டறுந்து வந்து மோதிச் சேதப்படுத்தியது. மிதவை எதற்கு? ஆற்றில் தூண் நட்டால் வண்டல் சேரும், வண்டல் சேர்ந்தால் துறைமுகம் கெடும். ஹூக்ளி மண்ணைச் சுமந்து வரும் ஆறு. எனவே பாலமே தண்ணீரில் மிதந்தது. கப்பல் வந்தால் நடுவில் 200 அடியைக் கழற்றி விலக்கிவைத்து வழிவிட்டது. அதுவரை கரைப் போக்குவரத்து காத்திருக்க வேண்டியதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கமிஷனர்கள் பதினாறு நாள் உட்கார்ந்து வண்டிகளை எண்ணினார்கள். மிக நெரிசலான நாளான 1906 ஆகஸ்ட் 27-ல் சென்ற வண்டிகளில் பதின்மூன்றில் எட்டுப் பங்கு மாட்டுவண்டிகள். எனக்கு இந்தக் கணக்கு, பாலத்தின் எடையைச் சொல்லும் எந்தக் கணக்கையும்விட அதிகம் பேசுகிறது. எட்டின் கீழ் பதின்மூன்று! பாதிக்கு மேல் என்று சொல்லிவிட்டுப் போகாத அந்தக் குமாஸ்தாவை நினைத்துக்கொள்கிறேன்.

புதிய பாலம் வேண்டும் என்று கமிட்டிக்கு மேல் கமிட்டி. 1921-ல் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் ஒன்று. 1926-ல் சட்டம். கடைசியில் ஏற்றுக்கொண்ட வரைபடத்துக்கும் ஆதாரம் பழைய பயம்தான்: ஆற்றில் தூண் கூடாது. கரைக்குக் கரை 1,500 அடி ஒரே தாவல். கீழே கப்பலும் படகும் எந்தத் தடையும் இல்லாமல் போகவேண்டும். பாலத்தின் உருவத்தைக் கண்டு வியப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த உருவம் பாலத்தின் மேலே போகிறவர்களுக்காக வந்ததல்ல. கீழே மிதந்து போகிறவர்களுக்காக வந்தது.

1936-ல் வேலை ஆரம்பித்தது. இரண்டு கரையிலும் கோபுரங்களுக்குக் கிணறு இறக்கினார்கள். கல்கத்தா பக்கம் மண்ணை வாரி எடுக்க எடுக்க நங்கூரங்கள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கம்பெனிக் காலத்து நாணயங்கள் வந்தன. ஓர் இரவு அடிமண் திடீரென்று விட்டுக்கொடுத்து, அந்தப் பிரம்மாண்டக் கிணறு முழுவதும் இரண்டு அடி ஒரே மூச்சில் இறங்கியது. கிதிர்பூரிலிருந்த கருவி அதை நிலநடுக்கம் என்று பதிவு செய்தது. கரையிலிருந்த ஒரு கோயில் இடிந்தது. பிறகு கட்டிக்கொடுத்தார்கள். இது 1930களின் கதை. 1939-ல் யுத்தம் வந்ததும் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய இரும்பு வரவில்லை. மொத்தம் வேண்டிய 26,500 டன்னில் 23,000 டன்னை ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை உருக்கிக் கொடுத்தது. இதற்கென்று அவர்கள் தயாரித்த உறுதியான எஃகுக்கு டிஸ்குரோம் என்று பெயர். சுதேசி அபிமானிகள் இந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்துவார்கள். நிமிர்த்தட்டும். சாதனைதான். 1941 டிசம்பரில், தலா 800 டன் பலமுள்ள பதினாறு ஹைட்ராலிக் ஜாக்கிகளை வைத்து இரு பாதிகளையும் இணைத்தார்கள். அதே டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது.

ரங்கூன் விழுந்ததும் இரண்டு விஷயங்கள் நடந்தன. பர்மா அரிசி நின்றது. பர்மாவிலிருந்து இந்தியர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வட்டிக்கடைக்காரரிலிருந்து வயல் கூலி வரை. வழியில் செத்ததுபோகத் தப்பியவர்களில் பலருக்குக் கல்கத்தாதான் அரிசி கிடைக்கும் முதல் பெரிய ஊர். நம் ஊர்க் குடும்பங்களில் 'பர்மா நடை' என்று ஒரு கதையாக மிஞ்சியிருப்பது இது.

மூன்றாவது விஷயம் அரசாங்கம் செய்தது. ஜப்பானியர் கடல் வழியே இறங்கினால் அவர்கள் கையில் படகு எதுவும் சிக்கக்கூடாது என்று, வங்காளத்தின் கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பறித்தார்கள். சிலவற்றை உடைத்தார்கள், சிலவற்றை எரித்தார்கள், சிலவற்றை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1942 ஏப்ரலில் பதிவில் இருந்தவை 66,563. அந்த ஆண்டு முடிவதற்குள் 20,771 ஆகிவிட்டது. எண்ணிச் சொன்னது பஞ்ச விசாரணைக் கமிஷன். டெல்டாவில் படகு என்றால் என்ன என்று நமக்குத் தஞ்சாவூரை வைத்துப் புரியாது. அங்கே படகுதான் மாட்டுவண்டி. படகு இல்லையென்றால் மீனவனுக்குக் கடல் இல்லை, குயவனுக்குக் களிமண் இல்லை, ஆற்றுத் திட்டில் நிலம் வைத்திருப்பவனுக்கு நிலமே இல்லை. அக்டோபரில் மேதினிபூரில் புயல். டிசம்பர் 20-ம் தேதி கல்கத்தாவில் முதல் குண்டு.

இந்தச் சூழ்நிலையில் 1943 பிப்ரவரி 3-ம் தேதி ஹௌரா பாலத்தைத் திறந்தார்கள். விழா இல்லை, பந்தல் இல்லை, ரிப்பன் இல்லை. குண்டு விழும் என்ற பயம். இருட்டடிப்பு இரவில் ஒற்றை டிராம் வண்டி ஒன்று கடந்துபோனது. அவ்வளவுதான் திறப்பு விழா. இந்தியாவின் மிகப் பெரிய பாலம், உலகத்தில் அந்த வகையில் மூன்றாவது, திருட்டுப் பூனை மாதிரி நகரத்துக்குள் வந்தது.

சில மாதங்களில் பஞ்சம். அதையும் அறிவிக்கவில்லை. பஞ்சச் சட்டத்தின்படி பஞ்சம் என்று அரசாங்கம் ஒரு வார்த்தை அறிவித்திருந்தால் அதற்குரிய கடமைகள் வந்துவிடும். எனவே அந்த வார்த்தை வரவேயில்லை. கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளிகளுக்கும் யுத்த வேலை செய்கிறவர்களுக்கும் அரிசி ஒதுக்கீடு இருந்தது. கிராமத்துக்கு இல்லை. எனவே கிராமம் அரிசி இருக்கும் இடத்தை நோக்கி நடந்தது. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு வேறு வழிகள். மேற்கே மேதினிபூரிலிருந்து வந்தவர்களுக்கு ஹௌராதான் வாசல். ஆறு மாதம்கூட ஆகாத புதுப் பாலத்தின் நடைபாதையில் அவர்கள் நடந்து வந்ததை யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தலா பதினைந்து அடி அகல நடைபாதை. வீட்டு வாசல்களில் நின்று அவர்கள் சோறு கேட்கவில்லை. வடித்த கஞ்சியைக் கேட்டார்கள். சோறு கேட்கும் அந்தஸ்து தங்களுக்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் படங்களை வெளியிட்ட பிறகுதான் டெல்லிக்கும் லண்டனுக்கும் கண் தெரிந்தது. செத்தவர்கள் பதினைந்து லட்சம் என்றது கமிஷன். முப்பது லட்சம் வரும் என்று பின்னால் அமர்த்தியா சென் கணக்கிட்டார்.

பாலம் பஞ்சத்தை உண்டாக்கியது என்ற அபத்தத்தை நான் சொல்லவரவில்லை. பஞ்சத்தின் காரணங்களைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. பர்மா அரிசி, யுத்தப் பணவீக்கம், பதுக்கல், கப்பல் தரமறுத்த சர்ச்சிலின் மந்திரிசபை, எதற்கு எவ்வளவு பங்கு என்று பொருளாதாரக்காரர்கள் பேசட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. ஒரே பயம், ஒரே பன்னிரண்டு மாதத்துக்குள், ஒரே ஆற்றுநாட்டில், இரண்டு காரியங்களைச் செய்தது. படகுகள் தடையில்லாமல் போவதற்காக ஆற்றில் கால் வைக்காத ஒரு பாலத்தை இருட்டில் திறந்துவைத்தது. அந்த நாட்டின் படகுகளில் மூன்றில் இரண்டு பங்கைப் பகலில் அழித்தது. முதலாவதற்கு டன் கணக்கும் அடிக் கணக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை தெரியும். இரண்டாவதன் கணக்கு ஒரு கமிஷன் அறிக்கையில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி நான் எங்கும் படித்ததில்லை.

படாபஜார் பக்கம் வண்டி இன்னும் மெதுவாகிறது. பிறகு வெளிச்சம் மாறுகிறது. அவ்வளவுதான் அறிவிப்பு. மேலே பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக உத்தரங்கள், தறையாணிகளின் வரிசை, புறா எச்சம், எங்கோ ஈரம் கசிந்த கறை. மேலே போகும் பஸ்களின் சத்தம் சத்தமாக வரவில்லை, அதிர்வாக வருகிறது. மேலிருந்து பார்க்கும் கம்பீரம் இங்கே கிடையாது. ரயில் போவது ஆற்றின் மேல் நீண்டிருக்கும் பகுதிக்குக் கீழே அல்ல, கரை மேல் நிற்கும் 325 அடிப் பகுதிக்குக் கீழே. எஞ்சினியர்கள் இதை நங்கூரக் கை என்பார்கள். தராசில் ஒரு தட்டு ஆற்றின் மேல் தொங்குகிறது என்றால், அது சாய்ந்துவிடாமல் மறுபக்கம் மண்ணோடு சேர்த்துப் பிடித்திருக்கிற தட்டு இது. புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் வெட்டிவிடும் பகுதி. அரை நிமிஷம்கூட இல்லை, வெளிச்சம் திரும்பிவிடுகிறது. கூடவே பூ வாசனை. மல்லிக் படித்துறையின் பூச்சந்தை தண்டவாளத்தை ஒட்டி இறங்குகிறது. மஞ்சள், ஆரஞ்சு சாமந்திச் சரங்களைக் கயிற்றுச் சுருள்போலத் தோளில் அடுக்கிக்கொண்டு வண்டிக்காகச் சலிப்போடு நிற்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் தலையை உயர்த்தவே இல்லை. நாள்தோறும் போகிறவர் போலிருக்கிறது.

நாம் வங்காளத்தை நாவல்களில் படித்தவர்கள். த.நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் உழைப்பால் வங்க நாவல் தமிழ் வாசகனுக்குப் பக்கத்து வீடு மாதிரி ஆகியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தில் வங்காளம் என்றால் உணர்ச்சி, ஆறு, தியாகம் என்று ஒரு மூட்டம் நம்மிடம் தங்கிவிட்டது. 1943-ஐப் பார்த்த வங்கக் கலைஞர்களின் உத்தமமான வேலை இந்த மூட்டத்துக்கு நேர் எதிரானது. ஜைனுல் ஆபெதீன் கறுப்பு மையில் போட்ட கோடுகளில் பின்னணி என்பதே இல்லை. மனிதன், காக்கை, நாய், ஒரு தகரக் குவளை. சித்தபிரசாத் மேதினிபூரில் நடந்து நடந்து எழுதி வரைந்த சிறுநூலை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சுனில் ஜானா புகைப்படம் எடுத்தார். பிஜன் பட்டாசார்யாவின் 'நபான்ன' 1944-ல் மேடை ஏறியது. இவர்கள் யாருக்கும் பாலம் பொருட்டாக இல்லை. நியாயம்தான். செத்துக்கொண்டிருப்பவனை வரைகிறவன் பின்னால் தெரியும் கட்டடக் கலையை வரையமாட்டான். ஆனால் அதன் விளைவாகப் பாலம் தப்பித்துக்கொண்டது. பஞ்சத்தின் சித்திரங்களில் பாலம் இல்லை, பாலத்தின் சித்திரங்களில் பஞ்சம் இல்லை.

இரண்டையும் ஓரளவு நெருக்கிக் கொண்டுவந்தவர் என்று மிருணாள் சென்னைச் சொல்லலாம், பாலத்தைக் காட்டாமலே. 1960-ல் அவர் எடுத்த 'பாய்ஷே ஷ்ராபன்' ஒரு கிராமத்துத் தம்பதியின் உறவு பஞ்சத்தில் எப்படி நாறிப்போகிறது என்ற கதை. தலைப்பு தாகூர் இறந்த தேதி, சிராவணம் இருபத்திரண்டு. படத்தில் தாகூர் இல்லை. ஒரு தேசம் துக்கம் கொண்டாடக் கற்றுக்கொண்ட தேதியை எடுத்து, துக்கம் கொண்டாடத் தெரியாத சாவுகளின் மேல் ஒட்டினார். விமர்சகர்கள் இதை அதிர்ச்சி உத்தி என்று சொல்லக்கூடும். நான் அதைச் சரித்திர எழுத்து என்பேன். இருபது ஆண்டுகள் கழித்து 'அகாலேர் சந்தானே'யில் ஒரு சினிமாக் கோஷ்டி 1943-ஐப் படம் பிடிக்க ஒரு கிராமத்துக்குப் போகிறது. போன பிறகு, தேடி வந்த பஞ்சம் கிராமத்தை விட்டுப் போகவே இல்லை என்று தெரிகிறது. அவர்கள் படத்தை முடிக்காமல் திரும்புகிறார்கள்.

கல்கத்தாவில் பஞ்சத்துக்கு என்று ஒரு நினைவுக்கல்லை நான் பார்க்கவில்லை. பாலத்துக்குப் பராமரிப்பு உண்டு. பாக்கு, புகையிலை எச்சில் பட்டுப் பட்டு, சாலைத் தளத்தைத் தாங்கும் தொங்குகம்பங்களின் அடிப்பகுதி மெலிந்துவிட்டது என்று 2011 வாக்கில் கண்டுபிடித்து, எச்சில் படாமலிருக்கக் கண்ணாடி இழை உறை போட்டார்கள். டிராம்கள் 1993-லேயே பாலத்தை விட்டுப் போய்விட்டன. அந்த முதல் இரவு டிராமின் வழி இன்று தாருக்கு அடியில்.

பூச்சந்தைக்குச் சற்றுத் தெற்கே ஆர்மீனியன் படித்துறை. 1734-ல் ஓர் ஆர்மீனிய வியாபாரி கட்டியது. 1854-ல் ஹௌராவிலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தபோது ஆற்றின் மேல் பாலம் எதுவும் இல்லை. எனவே ரயில் கம்பெனி தன் டிக்கெட் ஆபீஸை இந்தக் கரையில் வைத்தது. இருபது ஆண்டுகள், மிதவைப் பாலம் வரும்வரை, டிக்கெட் இந்தக் கரையில், வண்டி அந்தக் கரையில். டிக்கெட்டை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, மூட்டையோடும் பிள்ளைகளோடும் படிகளில் இறங்கி, தண்ணீரைத் தாண்டிப் போய் ரயிலேறினார்கள்.